முதல் வாடகை வீட்டுச் சமையலறை: எதை எப்போது வாங்குவது, எதற்கு என்ன ஆவணம், எவ்வளவு செலவு

மதுரையிலிருந்து வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வந்து குரோம்பேட்டையில் ஒரு சிறிய வீடு எடுத்தபோது, சமையலறை என்பது ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பினால் அமைந்துவிடும் என்றுதான் எண்ணியிருந்தேன். குடிவந்த முதல் சனிக்கிழமையே 11,000 ரூபாய்க்குப் பாத்திரங்களும் ஒரு மிக்சியும் வாங்கி வந்தேன். எரிவாயு இணைப்பு கிடைக்க 23 நாள்கள் ஆனதால் அவை அத்தனையும் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தன. நான் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு சமைக்கத் தொடங்கியபோது, வாங்கியவற்றில் பாதி எனக்குத் தேவையில்லை என்பதும், தேவைப்பட்ட இடுக்கியும் கஞ்சி வடிக்கும் தட்டும் வீட்டில் இல்லை என்பதும் தெரிந்தது.

தனி வீடு எடுத்து முதன்முறையாகச் சமைக்கப் போகிறவர்களுக்காக, நான் பட்ட அலைச்சலிலிருந்து இந்த வரிசையை எழுதுகிறேன். இதில் வரும் சாமான் விலைகள் 2025இல் நான் சென்னைக் கடைகளில் விசாரித்தவை. உங்கள் ஊரில் சிறிது கூடவோ குறையவோ இருக்கலாம்.

1. கடைக்குப் போகும் முன் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

சமையல் மேடையின் அகலத்தையும், சுவரிலிருந்து மேடை விளிம்பு வரையுள்ள ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல பழைய வீடுகளில் மேடை குறுகலாக இருக்கும். மூன்று பர்னர் அடுப்பை வைத்துவிட்டால் காய் நறுக்கவும் இறக்கிய சட்டியை வைக்கவும் இடம் இருக்காது. அடுத்து மின் பிளக்குகளைப் பாருங்கள். மிக்சிக்குச் சாதாரண 5 அல்லது 6 ஆம்பியர் பிளக் போதும். இண்டக்‌ஷன் அடுப்புக்கும் மின்சாரக் கெட்டிலுக்கும் பெரிய துளைகள் உள்ள 15 அல்லது 16 ஆம்பியர் பிளக் வேண்டும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும் என்பதால், அதைச் சிறிய பிளக்கில் மாற்றுச் செருகி வைத்து ஓட்டினால் செருகி உருகும், வயரும் சூடாகும். சமையலறையில் பெரிய பிளக் இல்லையென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுப் போட்டுத் தரச் சொல்லுங்கள். குடிவந்த பிறகு கேட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

எரிவாயு உருளை எங்கே நிற்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். உருளை எப்போதும் நிமிர்ந்து தரையில் நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஜன்னலோ காற்று போக வழியோ இருக்க வேண்டும். உருளையைக் காற்றோட்டமில்லாத மூடிய அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள்.

2. எரிவாயு இணைப்புக்குக் குடிவந்த முதல் நாளே விண்ணப்பியுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான். ஆகவே பாத்திரக் கடைக்குப் போவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ் ஆகிய மூன்றில் எது உங்கள் தெருவுக்கு விநியோகம் செய்கிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்து, அந்த முகவர் அலுவலகத்துக்கு நேரிலோ, நிறுவனத்தின் இணையதளம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு என்பது விதி. எனவே கே.ஒய்.சி. படிவத்தில் வீட்டில் உள்ளவர்களின் விவரத்தைச் சரியாக எழுதுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை இவை: ஆதார் அட்டை அல்லது வேறு அடையாளச் சான்று, இப்போதைய முகவரிக்கான சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இரண்டு கடவுச்சீட்டு அளவுப் படங்கள், ஆதாரோடு இணைந்த கைபேசி எண். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்று என்பது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம்தான். நான் 23 நாள் காத்திருந்தது இந்த ஒரு தாளால்தான். சென்னையின் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் உண்டு. என் ஒப்பந்தத்தில் பழைய எண் மட்டும் இருந்தது, வீட்டுக்காரர் கொடுத்த மின் கட்டண ரசீதில் புதிய எண் மட்டும் இருந்தது, இரண்டும் ஒரே வீடு என்பதற்குத் தாள் கேட்டு முகவர் அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தம் எழுதும்போதே ‘பழைய எண் இது, புதிய எண் இது’ என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். மின் கட்டண ரசீதின் நகலையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தில் பெரும்பகுதி திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை. 2022 ஜூன் மாதம் உயர்த்தப்பட்டபோது 14.2 கிலோ உருளைக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய், 5 கிலோ உருளைக்கு 1,150 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் அன்று நடப்புத் தொகையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதோடு முதல் உருளையில் உள்ள எரிவாயுவின் விலை, ரப்பர் குழாயின் விலை, பொருத்தும் கட்டணம் ஆகியவை சேரும். கையில் 4,500 ரூபாய் வைத்துக்கொண்டு போனால் தடுமாற வேண்டியிருக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடுப்பையும் தங்களிடமே வாங்கினால்தான் இணைப்பு என்று சில முகவர் அலுவலகங்களில் சொல்வார்கள், சில இடங்களில் லைட்டர், டீத்தூள் என்று சேர்த்துக் கட்டுவார்கள். அப்படி வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பு எங்கே வாங்கியதாக இருந்தாலும் ஏற்க வேண்டும். பணிவாக, ஆனால் உறுதியாக, “அடுப்பு என்னிடம் இருக்கிறது, இணைப்புக்கு மட்டும் ரசீது போடுங்கள்” என்று சொல்லுங்கள்.

பணம் கட்டியதும் கிடைக்கும் இணைப்புச் சீட்டுத்தான் உங்கள் வைப்புத்தொகைக்கு ஆதாரம். அதைப் படமெடுத்து வைத்துவிட்டு, அசலை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஊரை விட்டுப் போகும்போது உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெற இந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். தொலைத்துவிட்டால் உறுதிமொழி எழுதிக் கொடுத்து அலைய வேண்டிவரும். சொந்த ஊரில் உங்கள் பெயரிலேயே இணைப்பு இருந்தால், புதிதாக விண்ணப்பிக்காமல், அங்கே உருளையை ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி வருவதே சரியான வழி.

ஓராண்டுக்கு மேல் தங்கப்போவதில்லை என்றாலோ, ஒருவர் மட்டும் சமைப்பதாக இருந்தாலோ, முகவர்களிடமும் சில பெட்ரோல் நிலையங்களிலும் கிடைக்கும் 5 கிலோ சிறு உருளையைப் பாருங்கள். அதற்கு அடையாள அட்டை மட்டும் போதும், முகவரிச் சான்று வேண்டாம். கிலோ கணக்கில் பார்த்தால் வீட்டு உபயோக உருளையைவிட விலை கூடுதல். ஆனாலும் வெளிச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

3. காத்திருக்கும் நாள்களுக்கு ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு

2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பை முதல் நாளே வாங்கியிருந்தால் நான் அந்த 23 நாளும் கஞ்சியாவது வைத்துக் குடித்திருப்பேன். எரிவாயு வந்த பிறகும் அது வீணாகாது. உருளை திடீரெனத் தீர்ந்துபோகும் நாளில் பால் காய்ச்சவும் சாதம் வைக்கவும் அதுதான் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். சாதாரண அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் அதில் வேலை செய்யாது. எவர்சில்வரிலும் சில பாத்திரங்களில் காந்தம் ஒட்டாது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய், பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார்.

4. அடுப்பும், உருளை வந்து இறங்கும் நாளும்

இரண்டு பேருக்கு இரண்டு பர்னர் அடுப்பு போதும். ஒரு பக்கம் குக்கரும் மறுபக்கம் வாணலியும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் சாதம், குழம்பு, பொரியல் மூன்றும் முடிந்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4246 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு எரிவாயு அடுப்புக்கான தரநிலை எண் அதுதான். இரண்டு பர்னர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். 12 அங்குலத் தோசைக்கல் வைத்தால் அதன் விளிம்பு அடுத்த பர்னரின் மேல் போய் நிற்கும் அடுப்புகள் சந்தையில் நிறைய உண்டு. கண்ணாடி மேல்தளம் துடைக்க எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டாலோ, கனமான குக்கர் கைதவறி விழுந்தாலோ விரிசல் விடும். கை பழகாத முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எவர்சில்வர் மேல்தளமே நல்லது என்பது என் முடிவு. 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் நல்ல அடுப்பு கிடைக்கும்.

உருளை வந்ததும் ஆள் கிளம்புவதற்குள் நான்கு காரியங்களைப் பார்த்துவிடுங்கள். மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எடை. உருளையின் மேல் வெற்று எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வரும் எடை தராசில் காட்ட வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. மூன்றாவதாக, உருளையின் கழுத்துப் பட்டையின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ‘சி 28’ என்று இருந்தால் அந்த உருளையை 2028 செப்டம்பருக்குள் மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். நாள் கடந்த உருளையை வாங்காதீர்கள். நான்காவதாக, மூடியைக் கழற்றி வால்வில் சோப்பு நீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்க யாரையும் விடக் கூடாது.

குழாய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கம்பி வலை உள்ளே பொதிந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஆரஞ்சு நிறக் குழாயையே வாங்குங்கள், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இரவில் படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடிவிடும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும். வாயு நாற்றம் வந்தால் எந்த மின்விசையையும் போடவோ அணைக்கவோ செய்யாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

5. குக்கர்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது

இரண்டு பேருக்கு 3 லிட்டர், நான்கு பேருக்கு 5 லிட்டர். நம் சமையலில் குக்கரின் வேலை சாதமும் பருப்பும் ஒரே நேரத்தில் வேகவைப்பது. ஆகவே உள்ளே அடுக்கும் பாத்திரங்கள் இரண்டு சேர்ந்து வருகிற, அவற்றை வைத்த பிறகும் மூடி தாராளமாக மூடுகிற உயரமான குக்கரைத் தேர்ந்தெடுங்கள். அலுமினியக் குக்கர் விலை குறைவு, 3 லிட்டர் 1,200 முதல் 1,800 ரூபாய்க்குள் கிடைக்கும், வேகமாகவும் சூடேறும். ஆனால் புளியும் தக்காளியும் சேர்ந்த சாம்பாரை அதில் வைத்து அப்படியே மறுநாள் வரை விடக் கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். கனமான அடிப்பாகம் கொண்ட எவர்சில்வர் குக்கரின் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஆனால் எதையும் சமைக்கலாம். வீட்டுக் குக்கருக்கான தரநிலை எண் ஐ.எஸ். 2347. 2021 பிப்ரவரி முதல் இந்த முத்திரை இல்லாத குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நடைபாதைக் கடையில் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

வாங்கி வந்ததும் முதலில் வெறும் நீர் மட்டும் இரண்டு டம்ளர் ஊற்றி ஒரு விசில் விட்டுப் பாருங்கள். மூடியின் பக்கவாட்டில் ஆவி கசிந்தால் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை என்று பொருள், அன்றே கடைக்குத் திருப்பி எடுத்துப் போகலாம். சமைக்கும்போது கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்பக் கூடாது. பருப்பு, அரிசி போலப் பொங்கி நுரைப்பவற்றை நேரடியாகக் குக்கரில் போட்டால் பாதிதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன், வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பருப்புத் தோல் அடைத்துக்கொண்டாலும் ஆவி வெளியேறாது. அழுத்தம் அடங்காமல் மூடியை வலிந்து திறக்கவே கூடாது.

கேஸ்கட் இறுகிப்போனாலோ நீண்டுவிட்டாலோ மாற்றுங்கள். கடையில் “மூணு லிட்டர் கேஸ்கட்” என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள், அது பொருந்தாது. பழைய கேஸ்கட்டையும், முடிந்தால் மூடியையும் எடுத்துப் போங்கள். மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வை மட்டும் அந்த நிறுவனத்தின் அசல் உதிரியாகவே வாங்க வேண்டும்.

தண்ணீர் அளவு பற்றி ஒரு வார்த்தை: பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று என்று தொடங்கி, அரிசி பழையதா புதியதா என்பதைப் பொறுத்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே டம்ளரால் அளந்தால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

6. தோசைக்கல்லுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

புதிதாகச் சமைக்க வருபவர்கள் நான்ஸ்டிக் தவாவை வாங்குவதற்குக் காரணம், இரும்புக் கல்லில் தோசை ஒட்டும் என்ற பயம். பழக்கப்படாத கல்லில்தான் ஒட்டும். ஒரு வாரம் பொறுமையாகப் பழக்கினால் அந்தக் கல் உங்கள் ஆயுளுக்கும் வரும். 500 முதல் 1,000 ரூபாய்க்குள் 11 அல்லது 12 அங்குலத்தில், கையில் எடுத்தால் கனம் தெரிகிற கல்லாகப் பார்த்து வாங்குங்கள். சமதரையில் வைத்து அழுத்தினால் ஆடக் கூடாது. வார்ப்பிரும்புக் கல் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். அடித்துச் செய்த இரும்புக் கல் உடையாது, ஆனால் மெல்லியதாக இருந்தால் நடுவில் மட்டும் கருகும்.

பழக்கும் முறை இது. முதல் நாள் சோப்பும் தேங்காய் நாரும் போட்டு, கறுப்புப் பொடியும் எந்திர எண்ணெயும் போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய நீரிலோ மூன்று நாள் ஊறவிட்டு, நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். நான்காம் நாள் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் அடுப்பில் வைத்து உலர்த்தி, நல்லெண்ணெய் தடவி இரவு முழுதும் விடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள்கள், மிதமான தீயில் கல்லைக் காயவைத்து, எண்ணெய் விட்டு, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் விளிம்பு வரை தேயுங்கள். முதல் சில தோசைகளைச் சற்றுக் கனமாக, எண்ணெய் கூடுதலாக விட்டு ஊற்றுங்கள். அவை பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம்.

நான் செய்த தவறு, இவ்வளவும் செய்துவிட்டு அதே கல்லில் சப்பாத்தி சுட்டதுதான். எண்ணெயில்லாத வறண்ட சூட்டில் பழக்கிய மேற்பரப்பு போய்விடும். சப்பாத்திக்கு 300 ரூபாயில் தனிக் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பின் சோப்பு போடாமல் துடைத்து அல்லது வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய்ப் பூச்சோடு எடுத்து வையுங்கள். சூடான கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டக் கூடாது.

7. அன்றாடப் பாத்திரங்களும் கரண்டிகளும்

எவர்சில்வர் பாத்திரங்களைத் தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ உங்கள் ஊர்ப் பாத்திரக் கடைத் தெருவிலோ நேரில் போய் எடைக்கு வாங்குவதே நல்லது. கையில் தூக்கிப் பார்த்தால் தகட்டின் கனம் தெரியும். மெல்லிய தகட்டில் பால் அடிப்பிடிக்கும். குழம்பு வைக்க அடி கனமான 2 லிட்டர் பாத்திரம் ஒன்று, ரசத்துக்கும் பாலுக்கும் ஒன்றரை லிட்டரில் தனித்தனியாக ஒவ்வொன்று, பொரியலுக்கும் வறுவலுக்கும் 9 அல்லது 10 அங்குல இரும்பு வாணலி ஒன்று, தேநீருக்குக் கைப்பிடி வைத்த சிறு பாத்திரம் ஒன்று. சாதம் வடித்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சோற்றுப்பானையும் துளைத்தட்டும் வேண்டும். இட்லிப் பானைக்குப் பதிலாக, குக்கருக்குள் வைக்கும் இட்லித் தட்டு அடுக்கை வாங்கினால் ஒரு பெரிய பாத்திரம் மிச்சம். அப்போது வெயிட் போடாமல், ஆவி தாராளமாக வெளியேறும்படி வேகவைக்க வேண்டும்.

இரும்பு வாணலியில் புளிக்குழம்பு வைத்து விட்டுவிடாதீர்கள், நிறமும் ருசியும் மாறிவிடும். சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கரண்டிகளில் குழம்புக்குக் குழிக்கரண்டி, சாதத்துக்கு அகலமான அன்னக்கரண்டி, அப்பளமும் வடையும் எடுக்க ஜல்லிக்கரண்டி, தோசைத்திருப்பி, கடுகு தாளிக்கச் சிறு தாளிப்புக் கரண்டி, இவ்வளவு போதும். பருப்பு மசிக்க மர மத்து, தேநீர் வடிகட்டி, சல்லடை, நல்ல பிடிப்புள்ள இடுக்கி ஒன்று. இடுக்கியில் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள். கொதிக்கும் ரசத்தோடு வழுக்கி விழுந்த ஒரு பாத்திரம் என் காலில் இன்னும் தழும்பாக இருக்கிறது. தாங்கும் முனை பட்டையாகவும், நடு ஆணி இறுக்கமாகவும் இருக்க வேண்டும்.

காய் நறுக்க, அரிவாள்மனையில் பழகியவர்கள் அதையே வாங்கலாம். தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவவும் மீன் அரியவும் அதற்கு ஈடு இல்லை. மேடையில் நின்று நறுக்குபவர்களுக்கு 6 அங்குலக் கத்தியும் மரப்பலகையும் போதும்; பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. மசாலாவுக்கு அஞ்சறைப் பெட்டி ஒன்று, பருப்பு வகைகளுக்குச் சம்படங்கள் ஆறு. உப்பையும் புளியையும் ஊறுகாயையும் எவர்சில்வரில் வைக்காமல் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ வையுங்கள்.

8. மிக்சி உடனே, கிரைண்டர் பிறகு

மிக்சி இல்லாமல் சட்னி இல்லை. 500 வாட் போதும் என்பார்கள், ஆனால் தேங்காயும் ஊறவைத்த அரிசியும் அடிக்கடி அரைக்கும் வீட்டுக்கு 750 வாட் தேவை. 3,500 முதல் 5,000 ரூபாய் ஆகும். பெரிய ஜார் மாவுக்கு, நடு ஜார் பொடிக்கு, சிறிய ஜார் சட்னிக்கு. இரண்டு பேருக்குச் சமைக்கும்போது நீங்கள் அதிகம் பயன்படுத்தப்போவது சிறிய ஜாரைத்தான். அதன் கத்தி அடியோடு ஒட்டி இருக்கிறதா, இரண்டு பல் பூண்டு போட்டாலும் அரைபடுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த மிக்சி திடீரென நின்றால் பழுது என்று முடிவுகட்டாமல், சில நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். சுமை தாங்காமல் தானே நின்றிருக்கும்.

கிரைண்டரை முதல் மூன்று மாதம் வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். தெருமுனையில் மாவு கிடைக்கிறது. வாரம் இருமுறை மாவு அரைக்கும் பழக்கம் உங்களுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மிக்சியில் அரைத்தால் மாவு சூடாகும், உளுந்து கிரைண்டரில் பொங்குவது போலப் பொங்காது. குளிர்ந்த நீர் விட்டு, விட்டுவிட்டு அரைத்தால் தோசைக்கு ஓரளவு சரியாக வரும், இட்லிக்குத்தான் குறை தெரியும். வாங்கும்போது 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் சிறு குடும்பத்துக்குப் போதும், 4,000 முதல் 6,000 ரூபாய். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர்க் கிரைண்டர்களை எந்த ஊரிலும் பழுது பார்ப்பார்கள். முதல் முறை, ஊறவைத்த அரிசியை இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டிவிட்டு, கல்தூள் வராது என்று உறுதியான பிறகே உளுந்து போடுங்கள்.

9. இப்போதைக்கு வேண்டாதவை

நான்ஸ்டிக் பாத்திரத் தொகுப்பு தள்ளுபடியில் ஆசைகாட்டும். அதன் பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைத்துக் கடுகு தாளிக்கும் நம் வழக்கத்துக்கு அது பொருந்தாது.

ஈயச்சொம்பு ரசத்தின் மணத்துக்கு ஆசைப்படுபவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். அது வெள்ளீயம், 232 பாகையிலேயே உருகிவிடும். புளித்தண்ணீர் ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிடத்தில் ஓட்டையாகும். அடுத்து, மலிவாகக் கிடைப்பதில் காரீயம் கலந்திருக்கலாம், அது நஞ்சு. தரச்சான்று காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்தில் உட்புறம் வெள்ளீயம் பூசாமல் புளிப்பு எதையும் சமைக்கக் கூடாது. பூசுபவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும். கல்சட்டியைப் பழக்கவும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்; தோசைக்கல் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

10. செலவும் தாள்களும் நாள்களும்

எரிவாயு இணைப்பு 4,500, அடுப்பு 2,500, குக்கர் 2,000, மிக்சி 4,000, தோசைக்கல் இரண்டும் 1,100, பாத்திரம் கரண்டி சம்படம் எல்லாம் சேர்த்து 4,500. ஆக ஏறத்தாழ 18,600 ரூபாயில் இரண்டு பேருக்கான சமையலறை நடக்கும். இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்தால் 21,000 ரூபாய். இதை ஒரே மாதத்தில் செலவழிக்க வேண்டியதில்லை. முதல் வாரம் விண்ணப்பமும் இண்டக்‌ஷனும், காந்தம் ஒட்டும் பாத்திரம் இரண்டும்; உருளை வரும் வாரம் அடுப்பும் குக்கரும்; இரண்டாம் மாதச் சம்பளத்தில் மிக்சியும் மீதிப் பாத்திரங்களும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மிக்சி, குக்கர், அடுப்பு மூன்றுக்கும் உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையையும் தேதியையும் வாங்கும் இடத்திலேயே போடச் சொல்லுங்கள். முத்திரையில்லாத அட்டையைக் கொண்டுபோன என்னிடம் ஒரு பழுதுநிலையத்தில் 900 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அச்சடித்த ரசீது நாளடைவில் வெளுத்துப்போகும் என்பதால் அன்றே படமெடுத்து வையுங்கள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி, குழாய் மாற்றிய தேதி, கேஸ்கட் மாற்றிய தேதி, உருளை பொருத்திய தேதி மூன்றையும் எழுதிவருகிறேன். ஓர் உருளை எனக்கு 50 நாள் வருகிறது என்பது அந்தத் தாளிலிருந்துதான் தெரிந்தது. ஆகவே 40ஆம் நாளில் அடுத்த உருளைக்குப் பதிவு செய்துவிடுகிறேன்.

கிரைண்டரைத் தள்ளிப்போடச் சொன்னேன் அல்லவா, அதை ஆடித் தள்ளுபடி நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலோ தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலோ வாங்குங்கள். அதற்கு முந்தைய மாதமே விலையைக் குறித்து வைத்திருந்தால், பலகையில் எழுதியிருக்கும் தள்ளுபடி உண்மையில் எவ்வளவு என்று கடையிலேயே கணக்குப் பார்த்துவிடலாம்.